லிகண்ட்: ஈனியா, பிணையியா, பிணைப்பியா?

முடக்குவாதத்துக்குக் கொடுக்கப்படும் அனகின்ரா என்ற ஊசி மருந்தைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். "இம்மருந்து இன்டர்லூக்கின்-1 ஏற்பியின் ஈனியாகும்" என்று ஒரு வாக்கியம். இன்டர்லூக்கின்-1 செல்களுக்குச் செய்தி சொல்லும் ஒரு புரதம், ஏற்பி என்பது செல்லின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம். வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் அதைப் படித்துவிட்டு, "சரி, இது எதை ஈனுது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மருந்து எதையும் ஈனவில்லை, வெறுமனே போய் ஒட்டிக்கொள்கிறது. இப்படிப் போய்ப் பிணையும் பொருளை ஆங்கிலத்தில் லிகண்ட் என்பார்கள். அந்தச் சொல்லுக்கு நான் அகராதியில் எடுத்த தமிழ், வேறு துறைக்காகச் செய்யப்பட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுதல். அறுவை மருத்துவர் ரத்தக் குழாயில் போடும் கட்டு லிகேச்சர். எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார் லிகமென்ட். இதே வேரிலிருந்து 'லிகாண்டும்' என்ற வடிவம் வருகிறது. அதன் பொருள் 'கட்டப்பட வேண்டியது'. கட்டுவது என்றல்ல, கட்டப்பட வேண்டியது என்று செயப்பாட்டில் நிற்கிறது. இந்தச் சிறு இலக்கணக் குறிப்பு பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

வேதியியலில் இதைச் சொல்லாக்கியவர் ஜெர்மானியரான ஆல்ஃபிரட் ஸ்டாக். ஆண்டு 1916, பேச்சு சிலிக்கான் சேர்மங்களைப் பற்றியது. உலோக அயனியைச் சுற்றி மூலக்கூறுகள் எப்படி அமர்கின்றன என்று 1893லேயே விளக்கிவிட்ட ஆல்ஃபிரட் வெர்னருக்கு இந்தச் சொல் தேவைப்படவில்லை. பொருள் முதலில் வந்தது, பெயர் பின்னால் வந்தது.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் இதற்கு ஈனி என்று பெயர். நல்ல சொல்தான். வாழை குலை ஈனும், பசு கன்று ஈனும். தாமிர அயனியிடம் அம்மோனியா தன் எலக்ட்ரான் இரட்டையைத் தந்து பிணைகிறது, கரைசல் ஆழ்ந்த நீலமாகிறது. இங்கே உண்மையில் ஒன்று கொடுக்கப்படுகிறது. சொல்லாக்கியவர் லத்தீன் வேரைப் பெயர்க்காமல், நடக்கும் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வேலையைப் பார்த்து வைத்த பெயர், வேலை மாறினால் பொருந்தாமல் போகும்.

உயிர் வேதியியலில் வேலை மாறிவிட்டது. ஈனுவது, போய் ஒட்டுவது என்ற இரண்டு அர்த்தங்களும் ஒன்றாகப் பொருந்தும் இடம் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் அதன் இரும்போடு நேரடியாகப் பிணைவதால், அங்கே அதை ஈனி என்றாலும் தவறில்லை. நோய் எதிர்ப்புச் செய்தியைச் சுமக்கும் புரதம் தன் ஏற்பியில் அமரும்போது அப்படி எதுவும் நடப்பதில்லை. ஹைட்ரஜன் பிணைப்புகள், எதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு, நீரை வெறுக்கும் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி நீரை வெளியே தள்ளுவது என ஒவ்வொன்றும் தனித்தனியே பலவீனமானவை. எல்லாம் சேர்ந்தால் பலம். யாரும் யாருக்கும் எலக்ட்ரானைத் தாரை வார்ப்பதில்லை.

மறுபக்கத்துச் சொல்லையும் பார்த்துவிடுவோம். செல்லின் மேல் சில பக்கச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, நச்சுப்பொருள் அவற்றில் வந்து ஒட்டுகிறது என்று சொன்னவர் பால் எர்லிக். 1900ஆம் ஆண்டு வாக்கில் அவற்றுக்கு ரிசெப்டர் என்ற பெயர் அமைந்தது. வாங்கிக்கொள்வது என்று பொருள். தமிழ்நாட்டில் ஏற்பி, இலங்கைப் பாடநூல்களில் வாங்கி. வாங்கி என்பதில் ஒரு எளிமை இருக்கிறது, ஒலிவாங்கி என்று மேடையில் தினமும் புழங்கும் சொல். ஏற்பியில் கையேந்தும் சாயல் கொஞ்சம் உண்டு. எனக்கு இரண்டும் சம்மதம். இந்தக் கட்டுரையில் ஏற்பி என்றே எழுதுகிறேன்.

எர்லிக்குக்கு முன்பே, 1894இல், எமில் ஃபிஷர் நொதிகளைப் பற்றிச் சொன்ன பூட்டு–சாவி உவமை ஏற்பிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இன்றும் எந்தப் பாடநூலைத் திறந்தாலும் அந்தப் படம்தான். அந்த உவமை இங்கே பாதி வழியில் கைவிட்டுவிடும் என்பது என் குறை. பூட்டுக்குள் ஒரு பள்ளம் உண்டு, சாவி அதற்குள் போகும். புரதமும் புரதமும் சேரும் இடத்தில் பெரும்பாலும் அப்படி ஆழமான பள்ளம் கிடையாது. இரண்டு உள்ளங்கைகளை ஒட்டி வைத்தது போல அகலமான, ஏறக்குறைய தட்டையான பரப்பு அது.

அந்தப் பரப்பு முழுவதும் ஒரே மாதிரி ஒட்டுவதும் இல்லை. மனித வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பியை வைத்து 1995இல் ஒரு சோதனை வெளியானது. இந்த ஏற்பியும் இன்டர்லூக்கின்-2இன் ஏற்பியும் ஒரே குடும்பம். ஹார்மோனைத் தொட்டுக்கொண்டு நிற்பவை ஏற்பியின் முப்பது சொச்சம் அமினோ அமிலங்கள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால், பலவற்றை எடுத்தும் பிடி தளரவில்லை. பிணைப்பு ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் நடுவில் இருந்த ஒரு சிறு நீர்வெறுப்புத் திட்டிலிருந்தே வந்தது. அதிலும் முதன்மை டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலங்கள் இரண்டுக்கு. ஊரே கூடி வடம் பிடித்தாலும் தேரை நகர்த்துவது முன்வரிசையில் நிற்கும் சிலர்தான் என்பார்களே, அப்படி.

இன்டர்லூக்கின்-2ஐ எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் சுவையாகிறது. 133 அமினோ அமிலங்கள், நான்கு சுருள்கள் கட்டாக நிற்கும் ஒரு சிறு புரதம். நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களைப் பெருகச் சொல்லும் செய்தி இது. அதன் ஏற்பி ஒன்றல்ல, ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று சங்கிலிகள். பிடியின் வலுவை அளக்க ஒரு வழி உண்டு: ஏற்பிகளில் பாதி நிரம்புவதற்குப் புரதம் எவ்வளவு செறிவில் இருக்க வேண்டும் என்று பார்ப்பது. எண் சிறிதானால் பிடி வலுவானது. ஆல்ஃபா மட்டும் இருந்தால் சுமார் 10 நானோமோலார். பீட்டாவும் காமாவும் சேர்ந்தால் சுமார் 1 நானோமோலார். மூன்றும் சேர்ந்தால் 10 பிக்கோமோலார், அதாவது ஆல்ஃபா தனியாகப் பிடிப்பதைவிட ஆயிரம் மடங்கு இறுக்கம்.

இதில் வேடிக்கை, ஆல்ஃபா செய்தியைச் செல்லுக்குள் கடத்துவதே இல்லை. உள்பக்கம் அதற்கு இருப்பது ஒரு குட்டி வால்தான். வந்ததைச் சட்டென்று பிடித்து மற்ற இரண்டிடம் நீட்டுவதே அதன் வேலை. பீட்டாவும் காமாவும் அருகருகே வந்தபின்தான் உள்ளே அவற்றின் வால்களில் காத்திருக்கும் ஜேக்-1, ஜேக்-3 என்ற நொதிகள் ஒன்றையொன்று தூண்டுகின்றன. அப்புறம் ஸ்டாட்-5 என்ற புரதம் பாஸ்பேட் ஏற்றுக்கொண்டு செல்லின் உட்கருவுக்குள் போகிறது. ஆகவே செய்தி என்பது புரதம் ஏற்பியில் அமர்ந்தது அல்ல. இரண்டு சங்கிலிகள் ஒன்றுசேர்ந்ததுதான் செய்தி. சாவியைவிடக் கல்யாணத் தரகர் இங்கே பொருத்தமான உவமை.

காமா சங்கிலி இன்டர்லூக்கின் 4, 7, 9, 15, 21 ஆகியவற்றுக்கும் பொதுவானது. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதானால் ஒரே அடியில் ஆறு செய்திகளும் அறுந்துபோகும், பாதிக்கப்படுவது பெரும்பாலும் ஆண் குழந்தைகள். அமெரிக்காவின் டெக்சாஸில் 1971இல் பிறந்து, ஏறத்தாழ 12 ஆண்டுகளும் கிருமியற்ற பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே வாழ்ந்த சிறுவனுக்கு இருந்தது இந்த நோய்தான். காரணம் காமா சங்கிலிதான் என்று கண்டறியப்பட்டது 1993இல், அவன் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து.

இப்போது என் அனகின்ராவுக்கு வருகிறேன். இன்டர்லூக்கின்-1 காய்ச்சலையும் அழற்சியையும் கிளப்பிவிடும் புரதம். அதன் ஏற்பிக்கு வெளியே மூன்று மடிப்புகள். இன்டர்லூக்கின்-1 பீட்டா வந்தால் மூன்றும் அதைச் சுற்றி வளைத்துக்கொள்கின்றன. அந்த வளைந்த கோலத்தைப் பார்த்துத்தான் துணைப்புரதம் என்ற இரண்டாவது சங்கிலி வந்து சேர்கிறது. உள்ளே இரண்டின் வால்களும் கூடுகின்றன, அழற்சி தொடங்குகிறது. நம் உடலே இதற்கு ஒரு போலியையும் செய்து வைத்திருக்கிறது. போலி அதே ஏற்பியில், அதே இடத்தில், நன்றாக இறுக்கமாகவே அமர்கிறது. ஆனால் மூன்றாவது மடிப்பு அதை அதேபோல் தழுவுவதில்லை. துணைப்புரதம் வருவதில்லை, செய்தியும் இல்லை. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அனகின்ரா, இந்தப் போலியை ஆய்வகத்தில் செய்தெடுத்த வடிவம்தான்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், லிகண்ட். தூண்டும் லிகண்ட், தடுக்கும் லிகண்ட் என்று அடைமொழி போட்டுப் பிரிக்கிறார்கள். தமிழில் அடைமொழியே வேண்டாம், வினைச்சொல்லே பிரித்துக்காட்டும். பிணைந்தது தன்வினை, பிணைத்தது பிறவினை. தானே போய்ப் பிணைவது பிணையி. இரண்டை ஒன்றாகப் பிணைப்பது பிணைப்பி. இன்டர்லூக்கின்-1 பீட்டா பிணைப்பி. அனகின்ரா வெறும் பிணையி. 'கட்டப்பட வேண்டியது' என்ற லத்தீன் பொருளுக்கும் பிணையிதான் நெருக்கம். நீதிமன்றத்துப் பிணை நினைவுக்கு வருகிறதே என்று சிலர் முகம் சுளிக்கலாம். வரட்டும், அங்கேயும் ஒருவரை இன்னொருவர் பொறுப்பில் கட்டித்தானே வைக்கிறார்கள்.

இந்தப் புரதங்களின் பொதுப்பெயரான சைட்டோகைனுக்கும் தமிழ் தேடிப் பார்த்தேன். 1974இல் ஸ்டான்லி கோஹன் வைத்த பெயர் அது. பின்னாளில் நோபல் வாங்கிய ஸ்டான்லி கோஹன் வேறு ஒருவர். கிரேக்கத்தில் 'கைட்டோஸ்' என்றால் உள்ளீடற்ற பாத்திரம், 'கினேசிஸ்' என்றால் இயக்கம். செல்லுக்கு இலங்கையில் கலம் என்பார்கள், கலம் என்றாலும் பாத்திரம்தான். இவ்வளவு அழகாகப் பொருந்துகிறதே என்று கலத்தையும் இயக்கியையும் சேர்த்தேன். மரம், அடி சேர்ந்தால் மரவடி ஆகும் அதே புணர்ச்சி விதிப்படி 'கலவியக்கி' என்று வந்து நின்றது. அதை எந்த வகுப்பில் எந்த ஆசிரியர் வாய்விட்டுப் படிப்பார்? தூதுப்புரதம் எனலாம் என்றால், தூது ஆர்.என்.ஏ. ஏற்கெனவே பாடநூலில் இடம்பிடித்துவிட்டது, மாணவர்கள் குழம்புவார்கள். சைட்டோகைன் சைட்டோகைனாகவே இருக்கட்டும்.

வாக்கியத்தை மாற்றி எழுதினேன்: "இம்மருந்து இன்டர்லூக்கின்-1 ஏற்பியில் அமரும் பிணையி, ஆனால் துணைப்புரதத்தை இழுத்துவரும் பிணைப்பி அல்ல." நண்பர் ஒப்புக்கொண்டார். கூடவே ஏற்பி என்ற சொல்லைச் சுழித்திருந்தார். இன்டர்லூக்கின்-1க்கு இரண்டாவதாக ஒரு ஏற்பி உண்டு. வந்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செய்தி கடத்தும் வால் அதற்குக் கிடையாது. "வாங்கி வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கிறதுக்கும் இதே பேரா?" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.