துப்பாக்கிக் குழலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது ஏன்?

சுட்டு முடித்த பழைய காலத் துப்பாக்கியின் குழலுக்குள் ஈரத்துணி சுற்றிய கோலை விட்டு இழுத்தால், துணி மையில் தோய்த்தது போலக் கன்னங்கரேலென்று வெளியே வரும். கூடவே அழுகிய முட்டை நாற்றமும் வரும். முன்வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்துச் சுடுகிற துப்பாக்கியைக் கையாளும் எவருக்கும் இது பழகிய நாற்றம். இரும்புக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இவர்களோ சுட்டு முடித்ததும் முதலில் தேடுவது தண்ணீரைத்தான், எண்ணெய் அப்புறம். கருமருந்து எரிகிற விதத்தில் இதற்கான காரணம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் குண்டு ஏன் குழலைவிடச் சிறியது, அதைச் சுற்றித் துணி எதற்கு, துணியில் கொழுப்பு எதற்கு என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

கருமருந்தில் இருப்பவை மூன்றே பொருள்கள். எடைக்கு 75 பங்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரிதான் முக்கிய எரிபொருள். அது எரியத் தேவையான ஆக்சிஜனை வெடியுப்பே கொடுத்துவிடுவதால், காற்றில்லாத குழலின் அடியிலும் மருந்து எரிகிறது. கந்தகம் இருப்பதால் சீக்கிரம் தீப்பிடிக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் வாங்கிய வெடியுப்பில் பெரும்பகுதி பீகாரில் எடுக்கப்பட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் போனது.

எரிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது? 1870களில் ஆண்ட்ரூ நோபிள், ஃபிரடெரிக் ஏபல் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் மூடிய எஃகுக் கலத்துக்குள் மருந்தை எரித்து, மிஞ்சியதை அளந்து பார்த்தார்கள். எடையில் ஏறத்தாழ 43 சதவீதம்தான் வாயு. குண்டைத் தள்ளுவது இந்தப் பங்குதான். மீதியெல்லாம் பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பைடு போன்ற உப்புகள். அரை அங்குலக் குழல் கொண்ட ரைஃபிளில் நாலரை கிராம் மருந்து போட்டுச் சுட்டால், இரண்டரை கிராம் அளவுக்கு உப்பு உண்டாகும். அதில் ஒரு பகுதி வெள்ளைப் புகையாக வெளியேறும். இன்னொரு பகுதி குழலின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து அநேகமாக முழுவதும் வாயுவாகிவிடுகிறது. இரண்டு மருந்துகளுக்கும் இடையில் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

இந்தக் கசடு காய்ந்த வெயிலில் ஓடு மாதிரி இறுகும். ஈரக்காற்றில் கூழாகக் குழையும். நாலைந்து முறை சுட்டதும் குழலின் விட்டம் குறைந்ததுபோல் ஆகி, அடுத்த குண்டு உள்ளே இறங்க மறுக்கும். 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் படையின் பிரவுன் பெஸ் துப்பாக்கிக்குக் குழல் 19 மில்லிமீட்டர், குண்டோ 17.5 மில்லிமீட்டர்தான். கசடு சேர்ந்தாலும் சண்டைக்கு நடுவில் சட்டென்று குண்டை இறக்க வேண்டும் என்பதற்காகவே அத்தனை இடைவெளி விட்டார்கள். விளைவாக, குண்டு குழலுக்குள் அங்குமிங்கும் மோதிக்கொண்டு போய், வாயை விட்டு எந்தப் பக்கம் கிளம்பும் என்று சொல்ல முடியாமல் ஆனது. நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு ஆளைக் குறிவைப்பதில் அர்த்தமே இல்லை.

அதே காலத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், குறிப்பாக லங்காஸ்டர் பகுதியில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய கைவினைஞர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்கள் செய்த நீண்ட ரைஃபிளின் குழலுக்குள் திருகுபோல் சுழன்று செல்லும் பள்ளங்கள் உண்டு. குண்டு குழலைவிடக் கால் மில்லிமீட்டர்தான் சிறியது. அந்தச் சின்ன இடைவெளியை எச்சிலிலோ மாட்டுக்கொழுப்பிலோ நனைத்த ஒரு துண்டுத் துணி நிரப்புகிறது. எனக்கு இந்தத் துப்பாக்கியில் மிகவும் பிடித்த பாகம் இந்தத் துணிதான். பள்ளங்களைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழல வைக்கிறது, வாயு கசியாமல் அடைக்கிறது, கொழுப்பால் கசடை இளக்கி, ஒவ்வொரு முறை இறங்கும்போதும் குழலைத் துடைத்துக்கொண்டே போகிறது. சுட்ட பிறகு சில அடி தூரத்தில் விழுந்து கிடக்கும் துணியைப் பொறுக்கி எடுத்துப் பார்ப்பார்கள். நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது, இல்லையென்றால் கொழுப்பு போதவில்லை. ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால் குழலின் விளிம்பு கூராக இருக்கிறது. வைத்தியர் நாடி பார்ப்பது போலத்தான்.

கொழுப்பு என்றதும் 1857 நினைவுக்கு வந்தே தீரும். அப்போது சிப்பாய்களுக்கு வந்த என்ஃபீல்டு ரைஃபிளும் முன்வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கிதான். பள்ளமிட்ட அந்தக் குழலில் குண்டு தடையில்லாமல் இறங்கக் கசடு இளகியிருக்க வேண்டும். அதற்காகத்தான் தோட்டாவின் காகிதத்தில் கொழுப்புத் தடவினார்கள். அதைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும் என்ற விதியும், அது பசுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு என்று பரவிய பேச்சும் சேர்ந்து மூட்டிய நெருப்பு நமக்குத் தெரிந்ததே.

சரி, மருந்துக்குத் தீ எப்படிப் போய்ச் சேருகிறது? விசையை இழுத்ததும், குதிரை எனப்படும் சுத்தியல் போன்ற பாகத்தின் வாயில் தோல் சுற்றிக் கவ்வி வைத்திருக்கும் சக்கிமுக்கிக் கல் முன்னே பாய்ந்து, நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தகட்டை உரசுகிறது. பொறி கல்லிலிருந்து வருகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். கல் செய்வது எஃகைச் சீவுவது மட்டுமே. சீவிய துணுக்குகள் உராய்வில் சூடேறிக் காற்றில் பற்றி எரிகின்றன. எரிவது இரும்பு. ராபர்ட் ஹூக் 1665ஆம் ஆண்டிலேயே இந்தப் பொறிகளைச் சேகரித்து நுண்ணோக்கியில் பார்த்து, உருகி உருண்டையான எஃகுத் துளிகள் என்று கண்டுகொண்டார். கல்லின் முனை மழுங்கினால் சீவல் குறையும், பொறியும் குறையும்.

அந்தப் பொறிகள் கீழே இருக்கும் சிறு கிண்ணத்தில் விழுகின்றன. அதில் மாவு போன்ற மருந்து ஒரு சிட்டிகை. அது பளிச்சென்று எரியும்போது எழும் வெப்பம், குழலின் பக்கத்தில் உள்ள நுண்துளை வழியாக உள்ளே பாய்ந்து, குழலின் அடியில் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் அந்தத் துளையையும் மருந்தால் அடைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் துளைக்குள் இருப்பது திரி மாதிரி வரிசையாக எரிந்து முடிய வேண்டியிருக்கும், சுடுவதும் தாமதமாகும். துளை காலியாக இருந்தால் வெப்பம் ஒரே தாவலில் உள்ளே போகும். நன்றாகச் சரிசெய்த துப்பாக்கியில் எல்லாம் பத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அந்தக் கணத்தில் கண்ணெதிரே தீ எழும்பினாலும் கை அசையாமல் குறி பிடிப்பதுதான் இதில் உள்ள வித்தை. பறவைகள் இந்தப் பளிச்சைக் கண்டு பறந்துவிடுகின்றன என்று சலித்துப்போன ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித், தட்டினாலே வெடிக்கும் ரசாயனத்தை வைத்து 1807இல் காப்புரிமை பெற்றார். பின்னால் வந்த, தட்டினால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் தொப்பி போன்ற கேப்புகளுக்கு அதுவே தொடக்கம்.

குழலுக்குள் மருந்து எவ்வளவு வேகமாக எரியும் என்பது துகளின் அளவைப் பொறுத்தது. ஒவ்வொரு துகளும் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிவதால், பொடியாக இருந்தால் சீக்கிரம் எரியும், அழுத்தமும் ஏறும். அமெரிக்க முறையில் எஃப் என்ற எழுத்தின் எண்ணிக்கையால் இதைக் குறிக்கிறார்கள். இரண்டு எஃப் பெரிய குழல்களுக்கு, மூன்று எஃப் அரை அங்குலமும் அதற்குக் குறைவானதுமான குழல்களுக்கு, நான்கு எஃப் கிண்ணத்துக்கு.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். குண்டு மருந்தின் மேல் அழுந்தி உட்காராமல் நடுவழியில் நின்றுவிட்டால், அந்த இடத்தில் அழுத்தம் குவிந்து குழலே வீங்கலாம், பிளக்கலாம். அதனால்தான் கெட்டிக்கும் கோலில் ஒரு கோடு கீறி வைக்கிறார்கள். கோடு குழல்வாய்க்குச் சமமாக வந்தால்தான் குண்டு சரியான இடத்தில் இருக்கிறது. ஒரு முறை போட்டதை மறந்து மறுபடி போடுவதும் நடக்கும். 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிய சுமார் 27,500 துப்பாக்கிகளில் ஏறக்குறைய 24,000 சுடப்படாமல் குண்டோடு கிடந்தன. பாதிக்கு மேல் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகள் இருந்தன. புகைக்கும் இரைச்சலுக்கும் நடுவில் தன் துப்பாக்கி வெடித்ததா என்பதே சிப்பாய்க்குத் தெரியவில்லை. இந்தக் குழல்களில் புகையில்லா மருந்தைத் துளிகூடப் போடக்கூடாது. அதன் அழுத்தத்தை இவை தாங்கா.

இனித் தண்ணீருக்கு வருவோம். குழலில் ஒட்டியிருப்பவை உப்புகள். எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரைந்துவிடும். அப்படியே விட்டுவைத்தால் பொட்டாசியம் கார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஓரிரு நாளில் குழலுக்குள் துரு பூத்துவிடும். சல்பைடு நீரோடு சேரும்போதுதான் ஹைட்ரஜன் சல்பைடு வெளியாகி அந்த முட்டை நாற்றம் வருகிறது. வெதுவெதுப்பான நீர் போதும். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை கழுவி, உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்து, அதன் பிறகே எண்ணெய். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுப் பார்த்து, செம்மண் நிறம் தெரிந்தால் மறுபடி கழுவி எண்ணெய் விட வேண்டும்.

உள்ளே துருவை இப்படி விரட்டுகிறவர்கள் வெளியே அதை வளர்க்கிறார்கள். பழைய ரைஃபிள்களின் குழல் பழுப்பு நிறத்தில் பட்டுப்போல் மின்னுவது துருவினால்தான். வழவழப்பாக்கிய குழலில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைத்து, துருவேற்றும் கரைசலை மெல்லியதாகப் பூசி, ஈரக்காற்றில் தொங்கவிடுவார்கள். மேலே பூத்த தளர்வான துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பூசுவார்கள். நாள்கணக்கில் இப்படிச் செய்யச் செய்ய, அடியில் இறுகப் பிடித்த பழுப்புப் படலம் ஒன்று உருவாகும். நிறம் மனதுக்குப் பிடித்த அளவுக்கு வந்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி மிச்சமிருக்கும் அமிலத்தை முறித்து, மெழுகோ எண்ணெயோ தேய்த்தால் அந்தத் துரு அதற்கு மேல் வளராது.