சாங்ஷன் ஆர்டர் கையில் இருக்கிறது, பணம் எங்கே? மாநிலப் பல்கலைக்கழகத்தில் மத்திய ஆராய்ச்சி நிதி நடக்கும் வழி

அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுக்கூடம் ஓடுவது பெரும்பாலும் மத்திய அரசின் திட்ட நிதியில்தான். ஆசிரியர் சம்பளமும் கட்டடமும் பல்கலைக்கழகக் கணக்கில் போகும். கருவி, ரசாயனம், ஆய்வு மாணவரின் உதவித்தொகை ஆகியவை அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) போன்றவை தரும் நிதியில் போகும். ஆராய்ச்சித் திட்டங்களுக்கு நிதி தந்துவந்த செர்ப் என்ற மத்திய வாரியம், 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையில் இணைந்துவிட்டது.

அனுமதித்த தொகை வேறு, விடுவித்த தொகை வேறு. புதிதாகத் திட்டம் பெறுவோர் இதை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மூன்றாண்டுத் திட்டத்துக்கு 40 லட்சம் என்று சாங்ஷன் ஆர்டர், அதாவது நிதி அனுமதி ஆணை, சொல்லலாம். வருவது தவணையாகத்தான், அதுவும் செலவுத் தலைப்பு வாரியாக. கருவிக்கு மூலதனத் தலைப்பு; உதவித்தொகை, ரசாயனம், பயணம், எதிர்பாராச் செலவு எல்லாம் பொதுத் தலைப்பு. மூலதனப் பணத்தில் மீதி இருக்கிறது என்று ரசாயனம் வாங்க முடியாது. தலைப்பு மாற்ற நிதி தரும் அமைப்பின் எழுத்து அனுமதி வேண்டும், அது செலவு செய்வதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். ஓவர்ஹெட் என்ற வரியில் வரும் தொகை ஆய்வாளருக்கு உரியதல்ல; மின்சாரம், இடம், அலுவலகப் பணி ஆகியவற்றுக்காக நிறுவனம் எடுத்துக்கொள்வது.

விண்ணப்பத்தில் பட்ஜெட் போடும்போதே இரண்டு கணக்குகள் தவறிப்போகின்றன. முதலாவது ஜி.எஸ்.டி. ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு இருந்த 5 விழுக்காட்டுச் சலுகை 2022 ஜூலை 18-இல் முடிந்தது. அதன்பின் பெரும்பாலான ஆய்வகக் கருவிகளுக்கு 18 விழுக்காடு ஆனது. 12 லட்சம் விலையுள்ள கருவிக்கு வரி மட்டும் 2,16,000 ரூபாய். பழைய சலுகையில் 60,000-தான். பழைய கொட்டேஷனைப் பார்த்து எழுதியவர்களுக்கு 1,56,000 ரூபாய் துண்டு விழும், அதை யாரும் பின்னால் தருவதில்லை. வாங்கும் பொருளுக்கான வரி இது. நிதியுதவிக்கே வரியா என்ற கேள்வி வேறு. அரசு, தனியார் நிதியுதவி பெற்றுப் பல்கலைக்கழகங்கள் செய்யும் ஆராய்ச்சிக்கு விலக்கு அளிக்க 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரைத்தது, அது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

இரண்டாவது உதவித்தொகை. 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை ஆய்வாளர் ஆனால் 42,000 ரூபாய். மூன்றாண்டுத் திட்டத்தில் ஒரு மாணவருக்கு 8,88,000 கூட்டல் 5,04,000, ஆக 13,92,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி இதற்கு மேல். ஊரின் வகையைப் பொறுத்து மாறும். ஜே.ஆர்.எஃப். எஸ்.ஆர்.எஃப். ஆவது தானாக நடக்காது. வெளி வல்லுநர் உள்ள குழு மதிப்பீடு செய்து பரிந்துரைக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவதற்கு ஓரிரு மாதம் முன்பே குழுவைக் கூட்டிவிடுங்கள்.

இனி கொள்முதல். மத்திய அரசின் பொது நிதி விதிகள் (ஜி.எஃப்.ஆர்.) 2017-தான் அடிப்படை. முதலில் ஜெம் என்ற மத்திய அரசின் இணையக் கொள்முதல் தளத்தில் தேட வேண்டும். அங்கே இல்லையென்றால், இல்லை என்பதற்கான அறிக்கையை அந்தத் தளத்திலிருந்தே எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். அறிவியல் கொள்முதலுக்கு 2025 ஜூனில் விதி தளர்ந்தது: கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாகவும், கொள்முதல் குழு மூலம் வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாகவும் உயர்ந்தது. ஜெம்முக்கு வெளியே வாங்க அனுமதிக்கும் அதிகாரம் துணைவேந்தர், இயக்குநர் நிலையில் தரப்பட்டது. உங்கள் பல்கலைக்கழகம் இதை ஏற்றுச் சுற்றறிக்கை விட்டிருக்கிறதா என்று நிதி அலுவலரிடம் கேட்ட பிறகே இந்த வரம்பை நம்பிச் செயல்படுங்கள். மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைப் பற்றியும் அவர் கேட்பார்.

தணிக்கையில் மாட்டிக்கொள்ளும் பெரிய தவறு, ஒரே தேவையைத் துண்டு துண்டாக உடைத்து வாங்குவது. ஒரே கடை, அடுத்தடுத்த தேதி, வரம்புக்குச் சற்றே கீழே மூன்று பில். பொது நிதி விதிகளின் 157-ஆம் விதி இதைத் தெளிவாகத் தடுக்கிறது. உண்மையிலேயே அவ்வப்போது தேவைப்பட்டதென்றால், ஒவ்வொரு முறையும் தேவைக்கான குறிப்பைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது யூ.சி. என்கிற பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது பெற்ற பணம் எதற்குச் செலவானது என்று நிதி தந்த அமைப்புக்குத் தரும் சான்று. படிவம் ஜி.எஃப்.ஆர். 12-ஏ. நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. நடைமுறையில் ஏப்ரலிலேயே தருவது நல்லது, ஏனென்றால் யூ.சி. போகாமல் அடுத்த தவணை வராது. தவணை வராவிட்டால் முதலில் நிற்பது மாணவரின் மாதப் பணம். வேறு வருமானம் இல்லாத, வாடகை வீட்டில் இருக்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் பணம் நிற்பது சின்ன விஷயமல்ல. அந்தத் தாமதத்தில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது.

யூ.சி. திரும்பி வரும் காரணங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. மூலதனத்துக்கும் பொதுத் தலைப்புக்கும் தனித்தனியாகத் தராமல் ஒன்றாகக் கலந்திருப்பார்கள். போன ஆண்டின் இறுதி இருப்பும் இந்த ஆண்டின் தொடக்க இருப்பும் பொருந்தாது. ஆர்டர் மட்டும் போட்ட கருவியைச் செலவு என்று காட்டியிருப்பார்கள். பணம் கொடுத்தால்தான் செலவு; ஆர்டர் போட்டு இன்னும் கொடுக்காதது பொறுப்புத் தொகை. வட்டியைத் திட்டச் செலவோடு சேர்த்திருப்பார்கள். பொது நிதி விதிகளின் 230-ஆம் விதிப்படி வட்டி அரசுக்குத் திரும்ப வேண்டும், மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் தளத்தில் கட்டிய ரசீதை இணைக்க வேண்டும்.

2022-க்குப் பிறகு பல திட்டங்களில் பணம் பல்கலைக்கழகக் கணக்குக்கு வருவதே இல்லை. பூஜ்ய இருப்புத் துணைக் கணக்கில் செலவு வரம்பு மட்டும் ஒதுக்கப்படும். பில்லைப் பதிவேற்றினால் விற்பனையாளருக்கோ மாணவருக்கோ பணம் போகும். பயன்படுத்தாத வரம்பு மார்ச் 31-இல் காலாவதியாகலாம், ஏப்ரலில் புதிதாக ஒதுக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே கருவி ஆர்டரை மார்ச்சுக்குத் தள்ளாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் கருவியென்றால் ஆகஸ்டுக்குள் கொள்முதல் குழு முடிவெடுத்திருக்க வேண்டும்.

திட்டக் காலத்தை நீட்டிக்க வேண்டுமென்றால், முடிவுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே கூடுதல் செலவில்லா நீட்டிப்பு கேளுங்கள். நீட்டிப்புக் காலத்துக்கு உதவித்தொகை உண்டா என்பதை அந்தக் கடிதத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முடிவுத் தேதிக்குப் பின் கையெழுத்தான எந்த பில்லும் கணக்கில் ஏறாது. முடிந்தபின் தணிக்கை செய்த செலவு அறிக்கை, கருவிப் பட்டியல், மீதித் தொகை திரும்பிய ரசீது ஆகிய மூன்றும் போய்ச் சேர வேண்டும். அவை சேராத ஆய்வாளரின் அடுத்த விண்ணப்பத்தைப் பல அமைப்புகள் நிறுத்தி வைக்கும்.