வாக்சின், தடுப்பூசி, எதிர்ப்பொருள் ஊசி: சொல் விளக்கம்

வாக்சின் என்பது, வலுவிழக்கச் செய்த கிருமியையோ, செத்த கிருமியையோ, அதன் ஒரு துணுக்கையோ கொடுத்து, நோய் வருமுன்பே உடலை எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்கும் புரதம், ஆன்டிபாடி) உண்டாக்க வைக்கும் மருந்து. உடலே உண்டாக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

இலத்தீனில் வக்கா என்றால் பசு. 1796 மே 14 அன்று எட்வர்ட் ஜென்னர், மாட்டம்மைக் கொப்புளத்து நீரை 8 வயதுச் சிறுவன் ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் கீறி ஏற்றினார். அதிலிருந்து பிறந்த பெயர் இது. எல்லா நோய்க்கும் இதே பெயரை வைக்கலாம் என்று 1881இல் முன்மொழிந்தவர் லூயி பாஸ்டர். நம் ஊரில் அப்போது வழங்கியது 'அம்மை குத்துதல்'. குத்திய மருந்து 'அம்மைப்பால்'. சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் 1899இல் தொடங்கப்பட்டதே அம்மைப்பால் தயாரிக்கத்தான். பெரியம்மை ஒழிந்தது, அந்தச் சொற்களும் போய்விட்டன.

பிறகு நிலைத்தது தடுப்பூசி (தடுப்பு + ஊசி). இச்சொல் கருவியைச் சொல்கிறது, உள்ளே இருப்பதைச் சொல்வதில்லை. போலியோவுக்கும், வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸுக்கும் சொட்டு மருந்து உண்டு. ஃப்ளூவுக்கு 2 வயதுக்கு மேல் மூக்கில் தெளிக்கும் வகையும் உண்டு. 'தடுப்பு மருந்து' என்றால் இவை அடங்கும். ஆனால் மலேரியா வராமலிருக்க விழுங்கும் மாத்திரையும் தடுப்பு மருந்துதானே! பேச்சில் தடுப்பூசியே இருக்கட்டும். சொல் குழம்பி ஆபத்தாகும் இடம் வேறு: ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸ்.

கைக்குழந்தைகளுக்கு மூச்சுச் சிறுகுழாய் அழற்சி வரப் பெரும்பாலும் இந்த வைரஸே காரணம். 2023இல் அமெரிக்காவில் இதற்கு இரண்டு ஊசிகள் அனுமதி பெற்றன. ஒன்று அசல் வாக்சின். குழந்தைக்கு அல்ல, கர்ப்பிணிக்கு. அங்கே 32 முதல் 36 வாரத்துக்குள் போடுகிறார்கள்; தாய் உண்டாக்கும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. போட்டு 14 நாளுக்குள் பிரசவமானால் அது போதிய அளவு போய்ச் சேர்ந்திருக்காது. மற்றது நிர்செவிமாப், குழந்தைக்கே போடும் ஆயத்த எதிர்ப்பொருள். குழந்தை சந்திக்கும் முதல் ஆர்.எஸ்.வி. பருவத்தில் எடை 5 கிலோவுக்குக் கீழ் என்றால் 50 மி.கி., 5 கிலோவும் அதற்கு மேலும் 100 மி.கி. இதில் உடல் எதையும் கற்பதில்லை. சில மாதங்களில் கரைந்துவிடும். இதை 'எதிர்ப்பொருள் ஊசி' என்பதே சரி. இரண்டையும் 'ஆர்.எஸ்.வி. ஊசி' என்றால் ஆள் மாறிவிடும்: தாய்க்கான வாக்சினைக் குழந்தைகளுக்குப் போட்ட பிழைகள் நடந்ததால், 2024 சனவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே எச்சரிக்க வேண்டியிருந்தது.

'நிமோனியா ஊசி' என்பதும் இப்படித்தான். 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் போடும் அது நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கானது. ஃப்ளூவைத் தடுக்காது, ஃப்ளூவின் பின்னால் வரும் அந்தக் கிருமியின் நிமோனியாவைத் தடுக்க உதவும்.

"எல்லா தடுப்பூசியும் போட்டாச்சு" என்பார்கள். மாநகராட்சி சுகாதார நிலையத்தில் தட்டம்மை-ரூபெல்லாவும் நிமோகாக்கஸும் இலவசம்; ஃப்ளூ அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையிலேயே இல்லை, தனியாரிடம் கேட்டு வாங்க வேண்டும். 6 மாதம் நிறையுமுன் போடக்கூடாது. அதுவரை தாய் கர்ப்பத்தில் போட்டுக்கொண்டதுதான் காவல். 9 வயதுக்குள் முதல்முறை என்றால் 4 வார இடைவெளியில் 2 தவணை, பிறகு ஆண்டுக்கு ஒன்று. பலர் கோட்டைவிடுவது அந்த இரண்டாம் தவணையைத்தான். பலன் பிடிக்க 2 வாரம் ஆகும்; சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூ ஏறுவதால் செப்டம்பருக்குள் இரண்டும் முடிந்தால் நல்லது. அட்டையில் வெறுமனே 'ஃப்ளூ' என்று எழுதவிடாதீர்கள். மருந்திலுள்ள வைரஸ் வகைகள் ஆண்டுதோறும் மறுபரிசீலிக்கப்பட்டு, தேவையானால் மாற்றப்படுகின்றன, அதனால் எந்தப் பருவத்து மருந்து என்பதும் இருக்க வேண்டும். மருந்தை நீங்களே கடையில் வாங்கிப் போகிறீர்களென்றால் 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும், ஆனால் ஐஸ் கட்டியின் மேல் நேரே வைக்கக்கூடாது. உறைந்த ஃப்ளூ மருந்தை உருகவைத்துப் போடுவதற்கில்லை. தூக்கி எறிய வேண்டியதுதான்.