உங்கள் வீட்டைப் பிடுங்க யாரும் வரப்போவதில்லை

அந்த வாட்ஸ்அப் செய்தி மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டது: பூர்வகுடியினர் 'நேட்டிவ் டைட்டில்' (மண்மீது அவர்களுக்குள்ள பாரம்பரிய உரிமை) கேட்டு கேஸ் போட்டால் வீடு போய்விடுமாம். மெல்பர்ன் புறநகர் டார்னீட்டில் வீடு பார்த்து, வங்கிக் கடனும் கிடைத்துவிட்ட ஒரு தம்பதி, கையெழுத்துப் போடும் நாளில் போன் செய்து, "அக்கா, நேட்டிவ் டைட்டில் பிரச்சினை வராதே?" என்று கேட்கிறார்கள். மெல்பர்னில் வீட்டுப் பத்திரம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. செக்‌ஷன் 32 என்ற, விற்பவர் தரும் அறிக்கையில் உள்ள ஈஸ்மென்ட்டை (மனைமீது பிறருக்குள்ள பயன்பாட்டு உரிமையை) பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. இதை மட்டும் தவறாமல் கேட்கிறார்கள்.

வராது. ஆஸ்திரேலியாவின் வடக்கே டாரஸ் நீரிணையில் உள்ள மெர் தீவின் எடி மாபோவும் மற்றவர்களும் 1982-இல் தொடுத்த வழக்கில், 1992 ஜூன் 3 அன்று ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. (இங்கே ஹைகோர்ட்தான் உச்ச நீதிமன்றம்.) பிரிட்டிஷார் வந்தபோது இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கதையை அந்தத் தீர்ப்பு தூக்கி எறிந்தது. எல்லோரும் இதுவரைதான் படிக்கிறார்கள். அரசு ஒரு நிலத்தை ஃப்ரீஹோல்டாக, அதாவது முழுச் சொந்தமாக, தனியாருக்குக் கொடுத்திருந்தால் அங்கே பூர்வகுடி உரிமை அற்றுப்போனது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. 1998-இல் ஃபேஜோ வழக்கு இன்னும் கறார்: அந்த நிலம் பிறகு அரசு கைக்கே திரும்பி வந்தாலும் பழைய உரிமை உயிர் பெறாது.

புரிகிறதா? உங்கள் மனைக்கு முதல் பட்டா எழுதிய அன்றே பூர்வகுடியினரின் உரிமை முடிந்துவிட்டது. நம் விக்டோரியா மாநிலத்தில் 1975-க்கு முன் அப்படிப் போனதற்கு நேட்டிவ் டைட்டில் சட்டத்தில் நஷ்டஈடும் கிடையாது. பறிகொடுத்தவர்கள் அவர்கள், பயப்படுவது நீங்கள்!

யோர்ட்டா யோர்ட்டா என்ற பூர்வகுடி மக்கள் நேட்டிவ் டைட்டில் வழக்கில் மர்ரி ஆற்றுப் பக்கம் கேட்டது பொது நிலத்தையும் நீரையும்தான், யாருடைய வீட்டையும் அல்ல. அதையே நிரூபிக்க விடவில்லை. பெரியவர்கள் வாய்மொழியாகச் சொன்ன சாட்சியத்தைவிட, 1840-களில் அங்கே ஆடு மேய்க்க நிலம் பிடித்த எட்வர்ட் கர் எழுதி வைத்ததற்கு நீதிபதி ஓல்னி அதிக மதிப்புக் கொடுத்தார். 1881-இல் முன்னோர்கள் நிலம் கேட்டு ஆளுநருக்கு எழுதிய மனுவே, பாரம்பரியம் அறுந்துவிட்டதற்குச் சான்றாகிவிட்டது. நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு, 'நிலத்தோடு இருந்த தொடர்பு எங்கே?' என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? 2002-இல் ஹைகோர்ட்டும் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

பீதி கிளப்புவதும் புதிதல்ல. 1997-இல் பிரதமர் ஜான் ஹவர்டே தொலைக்காட்சியில் ஒரு வரைபடத்தைத் தூக்கிப் பிடித்து, நாட்டின் 78 சதவீத நிலத்தில் பூர்வகுடியினர் தடை போட முடியும் என்று பயமுறுத்தினார். அன்று பேச்சு மேய்ச்சல் குத்தகை நிலங்களைப் பற்றி. டார்னீட்டில் மாட்டுப் பண்ணையா வாங்குகிறீர்கள்?

சரி, நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது விக்டோரியாவின் 2006-ஆம் ஆண்டுப் பூர்வகுடிப் பாரம்பரியச் சட்டம். உங்கள் சொத்துரிமையை அது தொடாது. ஒரு வீடு கட்டிக் குடியிருக்கப் போகிறவருக்குப் பெரும்பாலும் தொந்தரவே இல்லை. பழைய வீட்டை இடித்து மூன்று டவுன்ஹவுஸ் போடும் திட்டம் இருந்தால் மட்டும் நில்லுங்கள். ஆறு, ஓடையிலிருந்து 200 மீட்டருக்குள் மனை இருந்தால், பாரம்பரிய மேலாண்மைத் திட்டம் தேவைப்படலாம்; தேவைப்பட்டால், அதைத் தயாரித்து ஒப்புதல் வாங்கும் வரை கவுன்சில் அனுமதி தராது. அதற்குப் பணமும் மாதங்களும் ஆகும். மாநில அரசின் இணைய வரைபடத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஏலத்துக்குப் போகும் முன் பாருங்கள், ஜெயித்த பிறகு அல்ல.

தோண்டும்போது கல் கருவியோ சிப்பிக் குவியலோ தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள். மனித எலும்பு மாதிரி இருந்தால் உடனே போலீஸ். மண்ணைத் தள்ளி மூடிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது குற்றம்.

அப்புறம், மனையில் முதிர்ந்த யூகலிப்டஸ் மரம் இருந்து, தண்டில் பட்டை உரித்த நீள்வட்டத் தழும்பு தெரிந்தால், படகுக்கோ கேடயத்துக்கோ பூர்வகுடியினர் பட்டை எடுத்த மரமாக இருக்கலாம். அதுவும் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. வாஸ்துவுக்கு ஒத்துவரவில்லை என்று வெட்டுவதற்கு முன்பே எனக்குப் போன் பண்ணுங்கள், தயவுசெய்து.