மாத்திரையில் பாதி

சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் புளோக்கில் ஓர் அக்கா தினமும் இரவு வெளிர் மஞ்சள் மாத்திரை ஒன்றைக் கத்தியால் பாதியாக வெட்டுகிறார். ஐந்து வயது மகனுக்கு. பையனுக்கு ஏ.எல்.எல்., சிறார்களுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்றுநோய். ஆனால் அவன் கீழே வெற்றுத்தளத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அப்புறம் எதற்கு மாத்திரை?

நோய் தெரியவரும்போது உடலில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடிப் புற்றணுக்கள் இருக்கும். முதல் மாத கீமோ மருந்துச் சிகிச்சையில் பெரும்பாலானவை அழிந்துவிடும். எலும்பு மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். அது ஏமாற்று வேலை. அப்போதும் ஆயிரம் கோடி வரை ஒளிந்திருக்கலாம். 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் தந்த மருந்தில் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது.

ஒளிந்திருப்பதை எண்ணுவது எப்படி? ஒவ்வொரு பிள்ளையின் புற்றணுவிலும் மரபணு ஓரிடத்தில் தனி விதமாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கும், கைரேகை மாதிரி. அதற்கென்றே தயாரித்த பிசிஆர் சோதனை பத்தாயிரம் அணுக்களில் ஒன்று இருந்தாலும் பிடித்துவிடும். சிங்கப்பூரும் மலேசியாவும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 ஆய்வு, சிகிச்சையின் 33ஆம் நாளும் 12ஆம் வாரமும் இப்படி எண்ணிப் பார்த்தது. புற்றணு சீக்கிரம் மறைந்த பிள்ளைகளுக்குக் கீமோவைக் குறைத்தார்கள், மிச்சம் இருந்தவர்களுக்குக் கூட்டினார்கள். ஆறு ஆண்டுக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள் ஏறக்குறைய 88 விழுக்காடு. மருந்தைக் குறைத்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஏனென்றால் பிள்ளைகள் நோய் திரும்பி மட்டும் இறப்பதில்லை; கீமோ வெள்ளணுக்களையும் அடித்துப்போட, கிருமித் தொற்றிலும் இறக்கிறார்கள்.

சரி, அந்த அரை மாத்திரை? அது மெர்கேப்டோப்யூரின். ஒளிந்திருக்கும் மிச்சத்தைத் தீர்க்க, சிகிச்சை தொடங்கியதிலிருந்து மொத்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் இழுக்கும் மருந்துத் தொடரின் கடைசிக் கட்டம். இதை உடலில் செயலிழக்கச் செய்யும் நுட்15 என்ற நொதி சிலருக்கு மந்தமாக வேலை செய்யும். கிழக்காசியர்களிடம் இது அதிகம், நம்மவர்களிடமும் உண்டு. அவர்களுக்கு முழு அளவு கொடுத்தால் வெள்ளணு எண்ணிக்கை சரிந்துவிடும். அக்கா மகனுக்கு அதுதான் கதை.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: '38 டிகிரி தாண்டினால் காய்ச்சல் மருந்து கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனை.' பக்கத்திலேயே டாக்சிக்கான எண்.