இசிஎம் போச்சு என்று முடிவு கட்டும் முன்

டிஸ்ப்ளேயில் 'கம்யூனிகேஷன் எரர்' என்று வந்துவிட்டால் சைட்டில் முதலில் காதில் விழும் வார்த்தை, "இசிஎம் போச்சு". இசிஎம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. எக்ஸ்கவேட்டரோ கிரேனோ ரோலரோ, எல்லாவற்றிலும் இதே கதைதான். அடுத்த அரை மணி நேரத்தில் ஓனருக்கு ஒரு விலை சொல்லப்படும். பெரிய வண்டிகளில் அது லட்சங்களைத் தொடும். வேலை நிற்கிற பதற்றத்தில் அவரும் சரி என்று சொல்லிவிடுவார்.

அந்த எரர் என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இன்ஜின் இசிஎம்மிலிருந்து தகவல் வரவில்லை என்று எழுதுவது இசிஎம் இல்லை. டிஸ்ப்ளேயோ ஹைட்ராலிக் கன்ட்ரோலரோ எழுதுகிறது. ஒருவருக்கு போன் போட்டு, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று பதில் வந்தால், ஆள் போய்விட்டார் என்று யாரும் அழுவதில்லையே. நடுவில் லைன் அறுந்திருக்கலாம், அந்தப் பக்கம் கரன்ட் போகாமல் இருக்கலாம். என் அனுபவத்தில் இந்தப் புகாரோடு வந்த வண்டிகளில் பெரும்பாலானவை ஒயர், கனெக்டர், எர்த் இந்த மூன்றுக்குள் முடிந்துவிட்டன.

இந்தக் கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்வது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர்களில். பாஷ் நிறுவனம் 1986இல் கார்களுக்காக வெளியிட்ட கேன் (CAN) முறை இது. லாரிகளிலும் கனரக வண்டிகளிலும் இதன் மேல் ஜே1939 என்ற விதிமுறை ஓடுகிறது. மஞ்சள் ஒயர் கேன்-ஹை, பச்சை ஒயர் கேன்-லோ என்பது அதன் வழக்கம். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், வயரிங் படத்தைப் பார்க்காமல் நம்ப வேண்டாம். லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும்.

எனவே முதல் சோதனைக்கு லேப்டாப் தேவையில்லை, சாதாரண மல்டிமீட்டர் போதும். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து, ஒன்பது பின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் சி, டி பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். ஜே1939 சாக்கெட்டில் சி தான் ஹை, டி தான் லோ. 60 ஓம் அருகில் காட்டினால் முதுகெலும்பான லைனும் இரண்டு ரெசிஸ்டரும் சரி. 120 காட்டினால் ஒரு ரெசிஸ்டர் போயிருக்கிறது, அல்லது லைன் நடுவில் அறுந்திருக்கிறது. 40 காட்டினால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கரன்ட் இருக்கும்போது ஓம் பார்த்தால் வரும் எண் குப்பை.

ஆனால் 60 வந்துவிட்டது என்பதற்காக லைன் முழுவதும் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. முதன்மை லைனிலிருந்து ஒரு கன்ட்ரோலருக்குப் பிரிந்து போகும் கிளை ஒயர் அறுந்திருந்தாலும், அந்தக் கன்ட்ரோலருக்குள் ரெசிஸ்டர் இல்லாத வரை, 60 அப்படியே காட்டும். சில வண்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கேன் லைன்கள் உண்டு. சாக்கெட்டில் நீங்கள் அளந்தது அதில் ஒன்றை மட்டும்.

அப்புறம் சாவியைப் போட்டு வோல்ட் பாருங்கள். பேச்சில்லாத நேரத்தில் இரண்டு ஒயரிலும் 2.5 வோல்ட். பேசும்போது ஹை 3.5 வரை ஏறும், லோ 1.5 வரை இறங்கும். மீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால் ஹை 2.5க்குச் சற்று மேலே, லோ சற்றுக் கீழே, இரண்டையும் கூட்டினால் 5 வோல்ட் அளவில் நிற்கும். ஹை பூஜ்யத்துக்கு இறங்கினால் எங்கோ பாடியில் படுகிறது. லோ பாடியில் பட்டால் கூடுதல் தொல்லை: பல நேரங்களில் பேச்சு ஓரளவு நடந்துகொண்டே இருக்கும், எரர் வந்து வந்து போகும்.

அப்படி வந்து போகும் எரர்கள்தான் பொறுமையைச் சோதிப்பவை. ஒரு கல் குவாரியில் எக்ஸ்கவேட்டர் ஒன்று பக்கெட் வேலையில் ஒழுங்காக ஓடும். ராக் பிரேக்கர் மாட்டினால் மட்டும் டிஸ்ப்ளே இருண்டு, இன்ஜின் வேகம் குறைந்துவிடும். அணைத்துப் போட்டால் சரி. இசிஎம் மாற்ற விலைகூடப் பேசியாயிற்று. ஓம் பார்த்தால் சரியாக 60. சாவியைப் போட்டு, ஹை ஒயரில் மீட்டரை மினிமம் பதிவில் (வந்ததில் மிகக் குறைந்த வோல்ட்டைப் பிடித்து வைக்கும் வசதி) வைத்துவிட்டு, ஹார்னஸை, அதாவது ஒயர் கட்டை, ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே போனோம். கேபினுக்குப் பின்னால் ஓரிடத்தில் பூஜ்யம் பதிவானது. முன்பு ஹோஸ் மாற்றியவர்கள் ஒரு கிளாம்ப்பைத் திரும்ப மாட்டவில்லை. ஒயர் தகட்டு விளிம்பில் உரசி உரசிச் செம்பு வெளியே வந்திருந்தது. பிரேக்கர் அதிர்வில்தான் அது பாடியைத் தொட்டது. ஒயரை வெட்டிச் சேர்த்து, திரும்ப முறுக்கி, கிளாம்ப் போட்டதோடு வேலை முடிந்தது.

ஒரே ஒரு கன்ட்ரோலர் மட்டும் பேசவில்லை என்றால், லைனைத் தேடுவதற்கு முன் அதற்குக் கரன்டும் எர்த்தும் போகிறதா என்று பாருங்கள். இங்கே மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 24 வோல்ட் காட்டும். அந்த கனெக்டரைக் கழற்றி, கரன்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே ஒரு 24 வோல்ட் பல்பைப் போட்டுப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் விஷயம் தெரிந்துவிடும். (இந்த பல்பு சோதனை கரன்ட் லைனுக்கு மட்டும். கேன் ஒயரில் பல்பைக் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள்.) கரன்ட், எர்த், கேன் மூன்றும் கனெக்டர் வரை வந்து, பின்னும் துருவில்லாமல் இறுக்கமாக இருந்து, அதற்கப்புறமும் பேசவில்லை என்றால், அப்போது இசிஎம்மைச் சந்தேகப்படலாம்.

ஓனர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: இந்தக் கோளாறுகளில் கணிசமானவை நாமே வரவழைப்பவை. பிரஷர் வாஷரை நேராக கனெக்டர் மேல் அடிப்பது. சோதிக்கிறேன் என்று ஒயரின் தோலில் ஊசி குத்துவது. அந்த ஓட்டை வழியே ஈரம் இறங்கிச் செம்பு பச்சை பூத்துவிடும். ஜிபிஎஸ் மாட்டுபவர் கேன் ஒயரை உரித்து நீளமான இணைப்பைச் சுற்றி டேப் ஒட்டிப் போவது. ஜே1939-11 விதிப்படி கிளை ஒயர் 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றையும் விட மோசம் வெல்டிங். பேட்டரியைக் கழற்றாமல், எர்த் கிளாம்ப்பை எங்கோ தள்ளி மாட்டி பூமில் (வண்டியின் நீண்ட கையில்) வெல்டு வைத்தால், கரன்ட் தனக்கு வசதியான வழியில் போகும். அந்த வழியில் கன்ட்ரோலர் இருந்தால் நிஜமாகவே இசிஎம் போகும். பேட்டரியையும் இசிஎம் கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, வெல்டு வைக்கும் பாகத்திலேயே, அந்த இடத்துக்குப் பக்கத்தில் எர்த் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆப்பரேட்டருக்கு ஒரு வேலை. எரர் வந்ததும் அணைத்துப் போடுவதற்கு முன் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, வண்டி சூடாக இருந்ததா, முந்தின நாள் யார் எதைக் கழற்றினார்கள் என்பதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். எந்தக் கன்ட்ரோலர் யாரைக் காணோம் என்கிறது என்று அந்தப் படத்தில் தெரிந்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.