எந்த யார்டு, எந்த ஆண்டு? ட்ராலர் யாட் வாங்கப் போகிறவர்களுக்கு

நான் சர்வேயர் என்று சொன்னால் ஊரில் இன்னும் நிலம் அளப்பவன் என்றுதான் நினைக்கிறார்கள். ஒருமுறை என் அத்தை வீட்டுப் பத்திரத்தோடு வந்து நின்றுவிட்டார். நான் பார்ப்பது படகுகளை. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் யாராவது பழைய யாட், அதாவது உல்லாசப் படகு, வாங்கப் போனால், பணம் கைமாறுவதற்கு முன் அதன் அடிவயிறு வரை இறங்கிப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பேன்.

சென்ற ஆண்டு ஜொகூர் பாருவிலிருந்து பல் டாக்டர் ஒருவர் வந்தார். ஓய்வு பெற்றாயிற்று, பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில். மனைவியோடு லங்காவி, புக்கெட் என்று அவசரமில்லாமல் சுற்ற வேண்டும் என்று ஆசை. கையில் ஒரு ட்ராலர் யாட்டின் விளம்பரத் தாள். 1980-களில் தைவானில் கட்டியது, இரண்டு இன்ஜின், தேக்கு டெக். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“தம்பி, இது நல்ல கம்பெனிதானே?”

“எந்த யார்டு கட்டியது, டாக்டர்? எந்த ஆண்டு?”

நான் கேட்டது படகைக் கட்டிய பட்டறையை, அவர் கம்பெனியின் பெயரையே மறுபடி சொன்னார். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

யார்டுக்குப் போகும் முன் ‘ட்ராலர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நமக்கு ட்ராலர் என்றால் மடி இழுத்து மீன் பிடிக்கும் இழுவைப் படகு. யாட் விற்பவர்களுக்கு அது ஒரு தோற்றம்: உயர்ந்த முன்முனை, நடுவில் வீடு மாதிரி கேபின், சதுரமான ஜன்னல்கள். தண்ணீருக்குக் கீழே பார்த்தால் இதில் இரண்டு இனங்கள் இருக்கின்றன. ஒன்று உருண்ட வயிறும், அடியில் முதுகெலும்பு போல ஓடும் ஆழமான கீலும் கொண்டு தண்ணீரை ஒதுக்கித் தள்ளியபடியே போவது. நீர்க்கோட்டு நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் எத்தனை நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வருகிறதோ அதுதான் அதன் எல்லை. 36 அடி என்றால் ஏறக்குறைய 8 நாட். அதற்கு மேல் எத்தனை குதிரைத்திறன் கொடுத்தாலும் டீசல்தான் கரையும். நார்ட்ஹேவன், கேடி க்ரோகன் கம்பெனிகளின் படகுகள் எல்லாம் இந்த இனம். இரண்டாவது இனத்துக்குப் பின்பகுதி தட்டையாக இருக்கும். பெரிய இன்ஜின் வைத்தால் இன்னும் வேகமாக ஓடும். கிராண்ட் பேங்க்ஸ் அப்படிப்பட்டது. உருண்ட வயிறு நன்றாக உருளவும் செய்யும் என்பதால் முதல் இனத்தில் துடுப்பு போன்ற ஸ்டெபிலைசரோ, இருபுறமும் கைகளை நீட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடும் ‘பாராவேனோ’ வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் டாக்டரின் மனைவி போர்ட் கிள்ளானிலேயே இறங்கிப் பஸ் பிடித்துவிடுவார்.

சிங்கப்பூரிலிருந்து லங்காவி ஏறக்குறைய 400 கடல் மைல். 120 குதிரைத்திறன் ஃபோர்டு லேமன் டீசல் இன்ஜின் ஒன்று பூட்டிய 36 அடிப் படகு 7 நாட்டில் போனால் மணிக்கு 7, 8 லிட்டர் குடிக்கும். 57 மணி நேரத்தில், 460 லிட்டருக்குள், ஆள் போய்ச் சேர்ந்துவிடலாம். இன்னும் ஒரு நாட் வேண்டும் என்று அழுத்தினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

“இரண்டு இன்ஜின் இருந்தால் பாதுகாப்பு இல்லையா?” என்றார் டாக்டர். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் நடுக்கடலில் இன்ஜின் நிற்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் அழுக்கு டீசல். ஒரே தொட்டியிலிருந்து குடிக்கும் இரண்டு இன்ஜின்களும் சேர்ந்தே நிற்கும். அதோடு மலாக்கா நீரிணையில் அறுந்த வலையும் மிதக்கும் மரக்கட்டையும் சாதாரணம். ஒற்றை இன்ஜின் படகில் ப்ரொப்பெல்லருக்கு முன்னால் கீல் இருக்கும், அடியில் ஒரு உலோகத் தாங்கியும் இருக்கும். இரட்டை இன்ஜினில் இரண்டு ப்ரொப்பெல்லரும் வெளியே துருத்திக்கொண்டு கட்டைக்காகக் காத்திருக்கும். நார்ட்ஹேவன்காரர்கள் பல மாடல்களில் பெரிய இன்ஜின் ஒன்றும், தனித் தொட்டியோடு சின்ன அவசர இன்ஜின் ஒன்றும் வைப்பது இதற்காகத்தான். எனக்கு அந்த ஏற்பாடுதான் பிடிக்கும்.

சரி, பெயருக்கு வருவோம். கிராண்ட் பேங்க்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் அமெரிக்கன் மரைன் என்ற நிறுவனம் ஹாங்காங்கில் மரத்தில் கட்டத் தொடங்கியது. பிறகு சிங்கப்பூருக்கு வந்தது. 1973-இல் ஃபைபருக்கு மாறியது. இப்போது கட்டுவது ஜொகூரின் பாசிர் கூடாங்கில், டாக்டர் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரம்தான். ஹாங்காங்கின் மரப்படகு, சிங்கப்பூரின் ஃபைபர் படகு, பாசிர் கூடாங்கின் புதுப்படகு மூன்றுக்கும் ஒரே பெயர். மூன்றிலும் நான் தேடும் நோய்கள் வேறு வேறு. சிங்கப்பூருக்கு இந்த வகைப் படகில் பழைய உறவு உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. ராபர்ட் பீபி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, கடலைத் தாண்டும் விசைப்படகு எப்படி இருக்க வேண்டும் என்று தானே வரைந்த 50 அடி ‘பாசேஜ்மேக்கர்’ 1963-இல் இங்கேதான் கட்டப்பட்டது. அதிலேயே அவர் கிரேக்கம் வரை போனார்.

தைவான் கதை இன்னும் சிக்கல். 1970, 80-களில் தம்சுயி ஆற்றங்கரையிலும் காவ்சியுங்கிலும் யாட் கட்டும் யார்டுகள் ஏராளமாக இருந்தன. அமெரிக்காவில் இருக்கும் இறக்குமதியாளர் தன் பெயரை ஒட்டி விற்பார். அவருக்கு இந்த ஆண்டு ஒரு யார்டு கட்டித் தரும், அடுத்த ஆண்டு வேறொன்று. ஒரே மாதிரி ஹல், அதாவது படகின் உடல், பல பெயர்களில் விற்பனையானதும் உண்டு. அதனால் ஒரே பெயர், ஒரே நீளம் உள்ள இரண்டு படகுகளில் ஒன்றின் மின்பலகையைத் திறந்தால் ஒயர்கள் சீவி முடித்த தலை போல இருக்கும், இன்னொன்றில் இடியாப்பம். இதற்கு நேர் எதிர் ஃபிளெமிங். அமெரிக்கன் மரைனில் வேலை பார்த்த டோனி ஃபிளெமிங் 1980-களின் நடுவில் தனியாகத் தொடங்கியதிலிருந்து காவ்சியுங்கின் துங் ஹ்வா யார்டுதான் அவருக்குக் கட்டுகிறது. கேடி க்ரோகனின் 42 அடி மாடல் 1977 முதல் 1997 வரை 206 படகுகள் வந்தன. அவ்வளவு படகுகள் ஒரே மாடலில் இருந்தால், எது எந்த வயதில் பழுதாகும் என்பது உரிமையாளர்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். பெயரைவிட இதுதான் எனக்குப் பெரிய தைரியம்.

ஆனால் உரிமையாளர்களிடம் “படகு எப்படி?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஆயுள் சேமிப்பைப் போட்டு வாங்கியவர் தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்ல மாட்டார். “கடைசியாக எதற்குச் செலவு பண்ணினீர்கள்?” என்று கேளுங்கள், கொட்டித் தீர்ப்பார். அப்புறம் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், ஹல் எண்ணோடு. இருபது வருடப் படகின் மின்வரைபடத்தைத் தேடி அனுப்புகிற கம்பெனி ஒரு வகை. புதுப்படகின் விலைப்பட்டியலை அனுப்புகிற கம்பெனி இன்னொரு வகை.

அமெரிக்காவில் விற்பதற்காக 1972 நவம்பருக்குப் பின் கட்டிய படகுகளில் அந்த ஹல் எண் பின்புறம் வலது மேல் மூலையில் பொறித்திருக்கும். மொத்தம் 12 எழுத்தும் எண்ணும். முதல் மூன்று எழுத்து கட்டியவரின் குறியீடு, சில சமயம் இறக்குமதி செய்தவருடையது. கடைசி இரண்டு இலக்கம் பெரும்பாலும் ஆண்டு. டாக்டர் வைத்திருந்த விளம்பரத்தில் 1986 என்று இருந்தது. ஹல் எண் 84 என்றது. தரகரைக் கேட்டேன். “ரெஜிஸ்டர் பண்ணின வருஷம் சார்” என்று சிரித்தார்.

படகைக் கரையேற்றினோம். ஹல் மோசமில்லை. ஃபைபருக்குள் தண்ணீர் ஊறி எழும் ஆஸ்மாசிஸ் கொப்புளங்கள் சில இருந்தன, நகக்கண் அளவு. இதைப் பார்த்து ஓடிப்போகிறவர்கள் உண்டு, நான் ஓட மாட்டேன். விஷயம் டெக்கில் இருந்தது.

அந்தக் காலத்துத் தேக்கு டெக் எப்படி என்றால், அடியில் ஃபைபர், நடுவில் பால்சா என்ற லேசான மரம் அல்லது ப்ளைவுட், மேலே மறுபடி ஃபைபர், அதன் மேல் தேக்குப் பலகைகள். ஒவ்வொரு பலகையையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கி, தலையை மரக்குமிழால் மூடியிருப்பார்கள். ஒரு படகில் ஆயிரக்கணக்கான ஸ்க்ரூ. ஒவ்வொன்றும் ஃபைபரில் ஒரு ஓட்டை. புதிதில் ஒன்றும் தெரியாது. தேக்குத் தேயத் தேய குமிழ்கள் உதிரும், மழைநீர் ஸ்க்ரூ வழியாக இறங்கி நடு மரத்தை ஊறவைக்கும். நம் பக்கத்து மழைக்கு இது எத்தனை வேகமாக நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். தேங்காய் தட்டிப் பார்க்கிற மாதிரிதான், நல்ல இடம் ‘டக்’ என்று தெறிக்கும், கெட்ட இடம் ‘பொத்’ என்று விழும். இடது நடைபாதை முழுக்கப் பொத்.

டாக்டர் குனிந்து தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். “கிரவுன் போட்ட பல் மாதிரி. மேலே பளபளப்பு, கீழே சொத்தை.”

அதோடு முடிந்திருந்தால் பேரம் பேசியிருக்கலாம். டெக்குக்கு நேர் கீழே, இன்ஜினுக்கு இருபுறமும் டீசல் தொட்டிகள். அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் அவை சாதாரண இரும்பு. டெக்கில் இறங்கிய தண்ணீர் தொட்டியின் தலையில் சொட்டி, மேலிருந்து கீழாகத் துருப்பிடிக்க வைக்கும். முன்பக்கம் பெயின்ட் அடித்து அழகாக இருந்தது. கைப்பேசியை நீட்டிப் பின்பக்கத்தைப் படமெடுத்தேன். துரு செதில் செதிலாக உரிந்து தொங்கியது. தொட்டியை மாற்ற இன்ஜினைத் தூக்க வேண்டும், அல்லது தொட்டியை உள்ளேயே துண்டு துண்டாக வெட்ட வேண்டும். இன்ஜினைத் தூக்க மேலே உள்ள கேபினின் தரையைப் பெயர்க்க வேண்டும். படகின் விலையில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போகும் என்று அறிக்கையில் எழுதினேன். பெயர் பெற்ற கம்பெனிதான். பெயரை இங்கே எழுத மாட்டேன், அந்தக் காலத்தில் அப்படிக் கட்டாதவர்கள் குறைவு.

இரண்டாவதாகப் பார்த்தது அவ்வளவாகப் பெயரில்லாத படகு, ஒற்றை லேமன். காலை எட்டு மணிக்குப் போனபோது இன்ஜின் மேல் கை வைத்தேன், சுட்டது. குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது, எந்த நிறப் புகை விடுகிறது என்பதைத்தான் பார்க்கப் போயிருந்தேன். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, கருப்பு என்றால் பளு அதிகம், வெள்ளை நிற்கவே இல்லை என்றால் எரியாத டீசல் அல்லது தண்ணீர். சூடாக்கி வைத்த இன்ஜினில் பாதி பதில் போய்விடும். நாளைக்கு வருகிறேன், யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கிளம்பக் கொஞ்சம் முனகியது, வெண்புகை இரண்டு நிமிடத்தில் அடங்கியது. கடலில் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2500 சுற்றைத் தொட்டது. பராமரிப்புப் புத்தகத்தில் ஐம்பது மணிக்கு ஒருமுறை டீசல் பம்ப்பின் எண்ணெய் மாற்றிய குறிப்பு வரிசையாக இருந்தது. இந்த லேமனில் அந்தப் பம்ப்புக்குத் தனி எண்ணெய், பலர் மறந்தே போவார்கள். அதை எழுதி வைத்த கை படகின் மற்ற இடங்களையும் பார்த்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. டெக்கில் தேக்கே இல்லை. முந்தைய உரிமையாளர் அதைப் பெயர்த்துவிட்டு ஃபைபரால் மூடியிருந்தார். பார்க்க அழகில்லை. நான் அதற்காகவே மதிப்பெண் போட்டேன்.

புதுப்படகு வாங்குபவர்களுக்கு ஒன்று. ‘வகை ஏ’ என்ற ஐரோப்பிய முத்திரை, காற்று ஃபோர்ஸ் 8 என்ற கடுங்காற்று அளவையும் அலை 4 மீட்டரையும் தாண்டும் கடலுக்கு வடிவமைத்தது என்று சொல்லும். யார்டின் வங்கிக் கணக்கு எப்படி என்று சொல்லாது. எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு தவணை கட்டிய பிறகு யார்டு மூடிவிட்டது. பாதி ஹல் கொட்டகைக்குள், வாசலில் கடன்காரர்கள். கட்டக் கட்ட ஹல்லும் இன்ஜினும் உங்கள் பெயருக்கு மாறும்படி ஒப்பந்தம் எழுதுங்கள், அல்லது முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் கேளுங்கள். நார்ட்ஹேவனின் 40 அடிப் படகு 2001-02-இல் உலகைச் சுற்றியது, 2004-இல் 18 படகுகள் சேர்ந்து அட்லாண்டிக்கைத் தாண்டின. உண்மைதான், நல்ல படகுகள்தான். ஆனால் அவை கம்பெனியே முன்நின்று நடத்திய பயணங்கள். உங்களோடு கம்பெனி மெக்கானிக் வர மாட்டார்.

டாக்டர் இரண்டாவது படகை வாங்கினார். முதல் பயணத்திலேயே விடியற்காலைச் ‘சுமத்ரா’ காற்று பிடித்துக்கொண்டதாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும் சூறை அது, மணிக்கு 80 கிலோமீட்டர் வரை வீசும். காபிக் கோப்பைகள் போயிற்று, வேறு சேதமில்லை. போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மற்ற உலோகத்தைக் காப்பதற்காகத் தானே கரையும்படி ப்ரொப்பெல்லர் தண்டில் மாட்டும் துத்தநாகக் கட்டி, கரையான் அரித்த மாதிரி. “தம்பி, பாதி கரைந்ததும் மாற்றச் சொன்னீர்களே, இது பாதியா?”

பாதிக்கு மேல், டாக்டர், இன்றைக்கே மாற்றிவிடுங்கள் என்று பதில் போட்டேன்.